தூளியும் பாயும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் கைக்குழந்தை உறங்கும் இடம்

பிறந்த குழந்தையை இரவில் எங்கே உறங்க வைப்பது என்ற கேள்வி, குழந்தை வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே எழுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் நெடுங்காலம் இதற்கு வழங்கிய விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. பகலில் குழந்தைக்கு இடம் தூளி. இரவில் இடம் தாயின் பாய். இந்த ஏற்பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. வீட்டின் அமைப்பும், வெயிலும், தாய் செய்த வேலையும் சேர்ந்து இதை உருவாக்கின. இருபதாம் நூற்றாண்டில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் மருத்துவமனைப் பிரசவமும் தொழிலாளர் சட்டங்களும் இதை ஒவ்வொரு வகையில் மாற்றின. இன்றைய மருத்துவ அறிவு இந்தப் பழைய விடையில் ஒரு பாதியை உறுதி செய்கிறது. மறு பாதியைத் திருத்தச் சொல்கிறது.

பெயர்களும் பொருளும்

பழைய சேலை ஒன்றை விட்டத்திலோ மரக்கிளையிலோ கட்டித் தொங்கவிட்டு அதன் மடியில் குழந்தையைக் கிடத்துவது தூளி எனப்படுகிறது. ஏணை என்ற சொல் தென் மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழரிடமும் வழங்குகிறது. தொட்டில் என்பது பொதுச்சொல். மரத்தால் செய்த ஆடும் கட்டிலையும் துணித் தூளியையும் அது குறிக்கும். சேலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்க நடுவில் செருகும் கோல் தொட்டில் கம்பு எனப்படும்.

தூளிக்குப் புதுச்சேலை கட்டுவதில்லை. பலமுறை துவைத்து மென்மையான நூல் சேலையே ஏற்றது. அதில் காற்று ஊடுருவும், வியர்வையை அது உறிஞ்சும், ஈரமானால் விரைவில் காயும். தாய் உடுத்திய சேலையின் வாசனை குழந்தைக்குப் பழக்கமானது என்பதும் பெரியவர்கள் சொல்லும் காரணம்.

தாலாட்டு என்ற சொல் நாவைக் குறிக்கும் ‘தால்’ என்பதையும் ‘ஆட்டு’ என்பதையும் சேர்த்து உண்டானது. நாவை அசைத்து எழுப்பும் ஒலியும் தூளியின் அசைவும் சேர்ந்தே குழந்தையை உறங்க வைக்கின்றன. நாட்டுப்புறத் தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவரும் சீர்கள் அடிக்கடி இடம்பெறும். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடப்பதும், குழந்தைக்கான பொருள்களைத் தாய்மாமன் தருவதும் இதற்குப் பின்புலம்.

திருவில்லிபுத்தூரும் தொட்டில் பாட்டும்

தமிழில் தாலாட்டை இலக்கிய வடிவில் தந்த முன்னோடிகளில் ஒருவரான பெரியாழ்வார், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள திருவில்லிபுத்தூரைச் சேர்ந்தவர். பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனைக் குழந்தையாகப் பாவித்து யசோதை பாடுவதாக அமைந்த தாலாட்டுப் பதிகம் உண்டு. குழந்தைக் கண்ணனுக்கு மணிகள் பதித்த சிறிய பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்பியதாக அது தொடங்குகிறது. பிற தேவர்களும் ஆளுக்கொரு அணிகலன் அனுப்புகின்றனர். உறவினர் குழந்தைக்குச் சீர் கொண்டுவரும் வழக்கமே இங்குத் தேவர் உலகத்துக்கு ஏற்றப்பட்டுள்ளது எனலாம்.

பின்னர் வளர்ந்த பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் முதல் முழு நூலாகக் கருதப்படுகிறது. இந்த இலக்கியங்களில் தொட்டில் பொன்னாலும் மணியாலும் ஆனது. கரிசல் காட்டு உழவர் வீட்டில் அது பழஞ்சேலையால் ஆனது.

குழந்தை வரம் வேண்டுவோர் கோயில் மரங்களில் சிறு தொட்டில் கட்டுவதும், பிள்ளை பிறந்தபின் கரும்பில் சேலையால் தொட்டில் கட்டிக் குழந்தையைச் சுமந்து கோயிலைச் சுற்றிவருவதும் இன்றும் அம்மன் கோயில்களில் காணப்படும் நேர்த்திக்கடன்கள். சமயபுரம் மாரியம்மன் கோயிலில் கரும்புத் தொட்டில் நேர்த்தி பெயர் பெற்றது. பிள்ளைப்பேற்றின் அடையாளமாகவே தொட்டில் மக்கள் மனத்தில் பதிந்திருப்பதை இவை காட்டுகின்றன.

பழைய வீட்டின் ஏற்பாடு

விருதுநகர் வட்டாரம் மழை குறைந்த நிலம். கோடையில் ஓட்டு வீட்டுக்குள் பகலில் வெக்கை தங்கும். தரையில் எறும்பும் பூச்சியும் ஊரும். கோழியும் நாயும் வந்து போகும். தரைக்கு மேலே தொங்கும் தூளி இவற்றிலிருந்து குழந்தையைக் காத்தது. ஆடும்போது காற்றும் கிடைத்தது. தாய் சமைக்கும்போதோ வாசலில் வேலை செய்யும்போதோ பாட்டியோ மூத்த பிள்ளையோ ஒரு கையால் ஆட்டிவிட்டால் போதும்.

இரவில் நிலைமை வேறு. பச்சிளங்குழந்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு விழிக்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து, விளக்கேற்றி, தூளியிலிருந்து எடுத்து, மீண்டும் கிடத்துவது தாயால் இயலாத காரியம். எனவே பிள்ளை பெற்றவள் சுவரோரம் பாய் விரித்துப் படுப்பாள். குழந்தை அவளை ஒட்டிப் படுக்கும். மறுபக்கம் அவளுடைய தாயோ மாமியாரோ படுப்பார். முதல் சில வாரங்கள் கணவர் வேறிடத்தில் படுப்பது வழக்கம். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டு என்று இதற்குக் காரணம் சொல்லப்பட்டாலும், குழந்தை அருகே விழிப்பான இரு பெண்கள் மட்டுமே படுத்திருந்தனர் என்பது இதன் நடைமுறைப் பயன்.

அந்த இரவு ஏற்பாட்டில் தீங்கான பழக்கங்களும் கலந்திருந்தன. முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தொட்டு வைப்பது அவற்றுள் ஒன்று. இதைச் சேனை வைத்தல் என்பர். அறைக்கதவையும் சன்னலையும் அடைத்துச் சாம்பிராணிப் புகை போடுவது இன்னொன்று. ஒரு மரபை முழுவதுமாகப் போற்றுவதோ முழுவதுமாகத் தள்ளுவதோ சரியாகாது என்பதற்கு இவை சான்றுகள்.

தீப்பெட்டித் தொழிலின் வருகை

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, 1923 அளவில் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயர் வந்தது. மழை பொய்த்த நிலத்தில் இத்தொழில்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள்.

வேலை இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, ஆலைக்குச் சென்று குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகும் கட்டை அடுக்குதல், பெட்டியில் குச்சி அடைத்தல் போன்றவை. மற்றொன்று, வீட்டில் இருந்தபடியே செய்யும் பெட்டி ஒட்டுதல். இரண்டுக்கும் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. பெட்டிகள் குரோஸ் கணக்கில் எண்ணப்படும். ஒரு குரோஸ் 144 பெட்டிகள்.

எண்ணிக்கைக் கூலி, குழந்தை உறங்கும் இடத்தை நேரடியாகப் பாதித்தது. கை ஓய்ந்தால் காசு குறையும். வீட்டில் பெட்டி ஒட்டும் தாய், தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி அதைக் காலால் இழுத்து ஆட்டிக்கொண்டே இரு கைகளாலும் வேலை செய்தாள். இரவிலும் விளக்கடியில் ஒட்ட வேண்டியிருந்தால் குழந்தை பாய்க்கு வரும் நேரம் தள்ளிப்போனது. பகலுக்கு உரிய தூளி இப்படி இரவின் முற்பகுதியையும் எடுத்துக்கொண்டது.

தாய் ஆலைக்குப் போன வீட்டில் தூளியை ஆட்டும் வேலை மூத்த பெண் பிள்ளையிடம் சென்றது. எட்டு, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கு வராமல் போவதற்குத் தம்பியைப் பார்த்துக்கொள்வது ஒரு காரணமாயிற்று. அவளே சற்று வளர்ந்ததும் ஆலைக்குச் சென்றாள். விடிவதற்கு முன்பே ஆலை வண்டிகள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதை 1980-களின் ஆய்வுகளும் பத்திரிகைச் செய்திகளும் பதிவு செய்தன. சலம் பென்னூர்கர் இயக்கிய ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் 1990-இல் வெளிவந்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி மற்றும் பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசி தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. மூத்த பிள்ளை பள்ளிக்குத் திரும்பியபோது, கைக்குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது என்ற கேள்வி வீடுகளில் மீண்டும் எழுந்தது.

சட்டம் தந்த தொட்டில்

அந்தக் கேள்விக்குச் சட்டம் முன்பே ஒரு விடை வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 48-ஆம் பிரிவு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது. 1976-இல் கொண்டுவந்த திருத்தம் இந்த எண்ணிக்கையை முப்பதுக்கு மேல் என்று குறைத்தது. அறை காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ளதாக, தூய்மையாக, பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு தொட்டில் அல்லது கட்டில், படுக்கையுடன் வேண்டும் என்றும், இடையிடையே தாய் வந்து பாலூட்ட நேரம் தர வேண்டும் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன.

ஆனால் வட்டாரத்தின் தொழில் அமைப்பு இந்தச் சட்டத்தின் வலைக்குள் முழுமையாக அடங்கவில்லை. சிறு ஆலைகளுக்கு இருந்த கலால் வரிச் சலுகையால் கைத்தீப்பெட்டித் தொழில் பல சிறு கூடங்களாகப் பிரிந்து நடந்தது. எண்ணிக்கை வரம்புக்குள் வராத கூடத்தில் காப்பகம் கட்டாயமில்லை. வீட்டில் பெட்டி ஒட்டுபவருக்கோ ஆலையே இல்லை, வீடே வேலைத்தலம்.

வீடு வேலைத்தலமாவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காகிதக் குழாய் உருட்டுவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டில் செய்யத்தக்கவை. வெடிமருந்தையும் மருந்து ஏற்றிய திரியையும் வீட்டில் வைத்து வேலை செய்வது சட்டவிரோதம். கைக்குழந்தை உறங்கும் வீட்டில் அத்தகைய பொருள் இருப்பது முழுக் குடும்பத்துக்கும் உயிராபத்து. பாதுகாப்பான உறக்கம் என்பதற்கு இவ்வட்டாரத்தில் வேறு ஊர்களில் இல்லாத இந்தப் பொருளும் சேர்கிறது.

மகப்பேறு விடுப்புச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை குழந்தையைப் பார்க்க அனுமதித்தது. அமைப்புசாராத் தொழிலாளரை இந்த விடுப்பு பெரும்பாலும் எட்டவில்லை. அவர்களுக்குத் தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் துணையாக இருந்தது. 2011-இல் 12,000 ரூபாயாக இருந்த உதவி, 2018 முதல் பொருள்களையும் சேர்த்து 18,000 ரூபாயாயிற்று.

பகலில் தாயும் பிள்ளையும் பிரிந்திருக்கும்போது இரவின் மதிப்பு கூடுகிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் இரவில் மிகுதியாக இருக்கும். பகலில் பாலூட்ட முடியாத தாய்க்கு இரவில் அடிக்கடி ஊட்டுவதே பால் வற்றாமல் காக்கும் வழி. வேலைக்குப் போகும் பெண்ணின் பாய் அருகே குழந்தை உறங்குவதற்கு வழக்கத்தைக் காட்டிலும் வலுவான காரணம் இது.

மருத்துவமனையில் பிரிவும் சேர்வும்

வீட்டுப் பிரசவம் குறைந்து மருத்துவமனைப் பிரசவம் பெருகியபோது, குழந்தை முதல் இரவை எங்கே கழிப்பது என்பதை மருத்துவமனை முடிவு செய்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வரிசைத் தொட்டில்களில் வைப்பது முறையாக இருந்தது. தொற்றைத் தவிர்ப்பது நோக்கம். இதனால் தாய்ப்பால் தடைப்படுவது பின்னர் உணரப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1991-இல் தொடங்கிய ‘குழந்தை நேய மருத்துவமனை’ முயற்சி பத்துப் படிகளை வகுத்தது. தாயும் சேயும் நாள் முழுவதும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பது அதன் ஏழாவது படி.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978-இல் மருத்துவர் எட்கர் ரே, இன்குபேட்டர்கள் போதாத நிலையில் குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாக அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். இது கங்காரு தாய் பராமரிப்பு எனப்படுகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இந்தப் பராமரிப்பைத் தொடங்கியபோது 28 நாள்களுக்குள் இறந்தோர் 12 விழுக்காடு. நிலைமை சீரானபின் தொடங்கியபோது 15.7 விழுக்காடு. குழந்தைக்கு முதல் இடம் தாயின் உடல் என்பதற்கு இது வலுவான சான்று.

பிற நாடுகளின் அனுபவம்

குழந்தையைத் தாயருகே கிடத்துவதில் எல்லாக் காலத்திலும் இருந்த அச்சம், உறக்கத்தில் பெரியவர் மேலே புரண்டுவிடுவது. பழைய இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் குழந்தையின் மேல் வளைவாகக் கவிக்கும் மரச்சட்டம் ஒன்றை இதற்காகப் பயன்படுத்தினர். இங்கிலாந்தின் 1908-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், குடிபோதையில் படுத்து உடன் உறங்கிய குழந்தை மூச்சடைத்து இறக்கக் காரணமாவதைக் குற்றமாக்கியது. ஜப்பானில் இரு பெற்றோருக்கு இடையே குழந்தை உறங்குவதை, மூன்று கோடுகளால் ஆன ‘ஆறு’ என்னும் எழுத்தின் வடிவத்தோடு ஒப்பிடுவர். பின்லாந்து 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும் 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் துணிமணிகளுடன் ஓர் அட்டைப்பெட்டி வழங்கியது. அதன் அடியில் சிறு மெத்தை உண்டு, பெட்டியே குழந்தையின் முதல் படுக்கையாகும்.

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும், 1994 முதல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பெரும் பரப்புரை நடந்தது. காரணம் தெரியாத திடீர் குழந்தை இறப்புகள் அதன்பின் பெரிதும் குறைந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், உறுதியான தட்டையான பரப்பில் மல்லாந்து உறங்க வேண்டும் என்கிறது. ஒரே படுக்கையில் உறங்குவதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜேம்ஸ் மெக்கென்னா என்ற மானிடவியலாளர், பாலூட்டும் தாயும் சேயும் சேர்ந்து உறங்குவது மனித இயல்பு என்று வாதிட்டார். ஆனால் சில நிலைகள் ஆபத்தானவை என்பதில் வேறுபாடு இல்லை: உடன் படுப்பவர் குடித்திருப்பது, புகைபிடிப்பவராக இருப்பது, தூக்க மருந்து உட்கொண்டிருப்பது, குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்திருப்பது, மென்மையான மெத்தை அல்லது சோபாவில் உறங்குவது.

தூளியின் குறைகள்

இந்த அளவுகோலில் தூளியும் பாயும் வெவ்வேறு மதிப்பெண் பெறுகின்றன. தரையில் விரித்த பாய் உறுதியானது, தட்டையானது. விழும் உயரம் இல்லை. தூளியில் முதுகு வளைகிறது. சில வாரக் குழந்தையின் தலை முன்னோக்கிச் சாய்ந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப்பாதை குறுகும். துணி முகத்தில் படியவும் கூடும். ஆட்டுபவர் விழித்துப் பார்த்திருக்கும் பகலில் இதை உடனே கண்டு சரிசெய்யலாம். எல்லாரும் உறங்கும் இரவில் கவனிக்க ஆளில்லை. தூளியைப் பகலோடு நிறுத்திய பழைய வழக்கத்தின் பாதுகாப்பு இங்கேதான் இருந்தது.

இன்னொரு ஆபத்து சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு. சேலைத் தூளியில் ஏறி ஆடி, அதைச் சுழற்றி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கிச் சிறுவர் சிறுமியர் இறந்த செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வந்தவண்ணம் உள்ளன. பயன்படுத்தாத வேளையில் தூளியை அவிழ்த்துவிடுவது அல்லது உயரத்தில் சுருட்டிக் கட்டுவது, தரைக்கு நெருக்கமாகக் கட்டுவது, வழுக்கும் செயற்கை இழைச் சேலையைத் தவிர்ப்பது, முடிச்சையும் கொக்கியையும் நாள்தோறும் இழுத்துப் பார்ப்பது ஆகியவை எளிய காப்புகள்.

இன்றைய நிலை

ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறியபோது விட்டம் மறைந்தது. கூரை போடும்போதே தொட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் ஒரு இரும்புக் கொக்கி பதிப்பது வழக்கமாயிற்று. சுருள்கம்பித் தொட்டில்கள் கடைகளுக்கு வந்தன. கூட்டுக் குடும்பம் சுருங்கியதால், தாய்க்கு மறுபக்கம் படுத்த பாட்டியின் இடத்தில் பல வீடுகளில் இப்போது கணவர் படுக்கிறார். அவர் குடிப்பழக்கம் உள்ளவராக இருந்தால் ஆபத்து கூடுகிறது. பழைய ஏற்பாடு தீட்டின் பெயரால் தவிர்த்த ஆபத்து அது.

தமிழ்நாடு அரசு 2015 செப்டம்பரில் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. குழந்தைக்கான சிறு படுக்கையும் கொசுவலையும் அவற்றில் அடங்கும். இந்தப் படுக்கையைத் தாயின் பாயை ஒட்டித் தரையில் விரித்து, வலையைக் கவித்துவிட்டால், கை எட்டும் தொலைவில் தனிப் பரப்பில் குழந்தை உறங்கும். மருத்துவர்கள் சொல்லும் ஒரே அறை, தனிப் படுக்கை என்ற ஏற்பாடு கட்டில் வாங்கும் செலவின்றி ஓர் அறை வீட்டிலும் அமைந்துவிடுகிறது. தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல் குழந்தையை மல்லாக்கக் கிடத்துவது மட்டுமே பாக்கி.

2020-இல் இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி எனப் பல காரணங்கள் இதில் உண்டு. எஞ்சியுள்ள இறப்புகளில் பெரும்பகுதி பிறந்த முதல் மாதத்தில் நிகழ்பவை. அந்த மாதத்தின் இரவுகளில் குழந்தை எங்கே, எப்படிப் படுத்திருக்கிறது என்பதை வீட்டார்தான் முடிவு செய்கின்றனர். தாயின் அருகே என்ற பழைய விடை அதற்கு இன்றும் பொருந்தும். தட்டையான தனிப் பரப்பில், போதையில்லாத துணையோடு, மருந்துப் பொருள் இல்லாத வீட்டில் என்பவை அதனுடன் புதிதாகச் சேர்ந்தவை.